ஐ செரனேட், யூ செரனேட்

வெள்ளிக்கிழமைப் பஜனையில் கீர்த்திகனுக்கு ஒரே ஒரு வேலைதான். யோகேந்திரன் அண்ணை கைத்தாளத்தைத் தட்டி ஒரு வரி பாடுவார். சபை அதையே திருப்பிப் பாடும். அந்தச் சபையின் கடைசி வரிசையில், கடலை வாளிக்குப் பக்கத்தில், கீர்த்திகனும் வாயைத் திறப்பான். குரல் என்று சொல்லும்படி அவனிடம் ஒன்றும் கிடையாது. சுருதி அவனைக் கண்டால் றோட்டின் மறுபக்கத்துக்குப் போய்விடும். ஆனால் திருப்பிப் பாடுகிறவனைத் தனியாக யார் கேட்கப் போகிறார்கள்? அந்தத் தைரியத்தில் வருடக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்தான், கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பாட்டில் மட்டுமல்ல, எதிலுமே அவன் இரண்டாவதாகப் பேசுகிறவன். மொன்றியல் ஜான்-டலோன் சந்தைப் பழக்கடையில் முதலாளி "பெட்டியைத் தூக்கு" என்றால் தூக்குவான், "இறக்கு" என்றால் இறக்குவான். கூடப் படிக்கும் பிரஷாந்தினி "பஸ் வருது" என்றால் "ஓம், வருது" என்பான். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க அவளோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறான். காதலைச் சொல்வதென்றால் முதல் வரியை அவன்தான் எடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

இருவரும் படித்தது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடந்த மாலை நேர ஆங்கில வகுப்பில். ஆசிரியர் றெனோல்ட் ஒரு வினோதமான மனிதர். பயிற்சிப் புத்தகத்தை அவர் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கம்பளித் தொப்பிக்குள் துண்டுக் கடதாசிகளைப் போட்டுக் குலுக்குவார். ஆளுக்கொரு வினைச்சொல் வரும், எல்லாம் பாட்டோடு சம்பந்தப்பட்ட, கடைத்தெருவில் கேட்க முடியாத சொற்கள். அதை எல்லாக் காலத்திலும் எல்லா ஆளுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். பிறகு அதை வெறுமனே வசனத்தில் போட்டால் போதாது. செய்து பார்த்துவிட்டு வந்து, நடந்ததை வகுப்புக்குச் சொல்ல வேண்டும்.

பிரஷாந்தினிக்குப் போன மாதம் 'யோடல்' வந்தது. மலைநாட்டு மாடு மேய்ப்பவர்கள் தொண்டையை உடைத்து உடைத்துக் கூவுகிற கூவல் அது. அவள் வேலை செய்வது டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில். நேரே குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோடல் செய்தாள். குளிர் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று மேற்பார்வையாளர் திருத்துகிறவனைக் கூப்பிட்டுவிட்டார். இதை அவள் வகுப்பில் சொன்னபோது, கூவியும் காட்டியபோது, றெனோல்ட் கண்ணீர் வரச் சிரித்தார். கீர்த்திகன் சிரிக்கவில்லை. அவன் அந்த நிமிடத்தில் முழுசாக விழுந்துவிட்டான். இனி எழும்ப வழியில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வகுப்புக்கு ஒரு செய்தியோடு வந்தாள். கல்கரி விமான நிலையத்தில் அதே கம்பனி அவளை மேற்பார்வையாளராகக் கேட்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவள் முகம் ஜொலித்தது.

"அப்பா வேண்டாமெண்டுறார். அவருக்கு இதே வேலைதான்," என்றாள். "போன வருஷம் நான் வேலையிலை நிக்கேக்கை லண்டன் மாப்பிளை ஒருத்தருக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டார். நானே ஃபோன் எடுத்து இல்லையெண்டன். நான் இல்லாத இடத்திலை என்னைப் பற்றி முடிவெடுத்தா எனக்கு விசர் வரும்."

கல்கரி விமானத்தில் போகிற தூரம் என்று கீர்த்திகன் கணக்குப் போட்டான். அந்த நேரம் பார்த்துத் தொப்பி அவனிடம் வந்தது. கையை விட்டான். வந்தது 'செரனேட்'.

மாலை நேரத்தில், மனசுக்குப் பிடித்தவளின் ஜன்னலுக்குக் கீழே நின்று பாடுவது என்று றெனோல்ட் நெஞ்சில் கைவைத்து நடித்துக் காட்டினார். வகுப்பு மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தது.

"ஆருக்குப் பாடப் போறியள்?" என்று கேட்டாள் பிரஷாந்தினி.

"பேந்து சொல்லுறன்," என்றான். காது இரண்டும் கொதித்தன.

அன்றிலிருந்து சந்தையில் ஒரே பாராயணம். ஊரில் வாய்ப்பாடு படித்த அதே ராகத்தில், இங்கும் அங்கும் நடந்தபடி, "ஐ செரனேட், யூ செரனேட், ஹீ செரனேட்ஸ்" என்று ஆப்பிள் பெட்டிகளுக்கு ஒப்புவித்தான். இறந்தகாலத்தைத் தக்காளிக்கும் எதிர்காலத்தை மாம்பழத்துக்கும் சொன்னான். வாங்க வந்தவர்கள் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தள்ளி நின்றார்கள். வினை நன்றாகப் பாடமாகிவிட்டது. செய்வதுதான் எப்படி? வேறு வழியில்லாமல் யோகேந்திரன் அண்ணையிடம் போனான்.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "தனிய ஒரு பெடியன் குமர்ப்பிள்ளையின்ரை ஜன்னலுக்குக் கீழை நிண்டு பாடினா சனம் என்ன கதைக்கும்? முறையாப் போவம். நானும் சிவநேசமும் வாறம். தாளத்தைக் கொண்டு வாறன். நான் பாடுறன், நீ திருப்பிப் பாடு."

கீர்த்திகனுக்குக் கடவுளைக் கண்ட மாதிரி இருந்தது. திருப்பிப் பாடுவதென்றால் அவனை யாரும் மிஞ்ச முடியாதே.

அண்ணையின் மனைவி சிவநேசம் அக்கா இதற்கு மேலே போனார். வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலுக்குப் போவது அவருடைய அகராதியில் இல்லை. வெள்ளித் தட்டம் ஒன்றில் வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, வாழைப்பழம் எல்லாம் அடுக்கி, நடுவில் கீர்த்திகன் கடையிலிருந்து கொண்டுவந்த மாம்பழத்தை வைத்து, காஞ்சிபுரமும் கட்டிக்கொண்டு புறப்பட்டார். செரனேட் என்பது ஊர்வலம் ஆனது இப்படித்தான்.

சனிக்கிழமை பின்னேரம், ஜூன் மாத வெயில் இன்னும் வீதியில் கிடந்தது. பிரஷாந்தினியின் வீடு மேல்மாடியில். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு, முன்னால் ஒரு பல்கனி. அந்தப் பல்கனியில் அவளுடைய தகப்பன் பேரின்பநாதன் பனியனோடு நின்று கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கீழே பார்த்தார். பட்டுச்சேலை தெரிந்தது. தட்டம் தெரிந்தது. பின்னால் சவரம் செய்த ஒரு பெடியனும் தெரிந்தான். வேறென்ன நினைப்பார் மனிதர்?

"இஞ்சரும்! கேத்திலைப் போடும்! கலியாணம் பேச ஆக்கள் வந்திருக்கினம்!" என்று உள்ளே கத்திவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார்.

"இல்லை, நாங்கள் சும்மா பாடிப்போட்டுப் போகத்தான் வந்தனாங்கள்," என்றார் யோகேந்திரன் அண்ணை.

"பேந்து பாடலாம், மேலை வாங்கோ. தட்டத்தோடை வந்த சனத்தை றோட்டிலை நிக்க விடலாமே?"

கையைப் பிடித்து இழுத்தே போய்விட்டார். அடுத்த நிமிடம் எல்லாரும் சோபாவில். தேத்தண்ணீர் வந்தது, பருத்தித்துறை வடை வந்தது. எந்த ஊர், எந்தக் கோயிலடி, யாருடைய பேரன் என்று கேள்வி வந்தது. சிவநேசம் அக்காவுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்தது. பாட வந்ததை அவர் சுத்தமாக மறந்துபோனார். பேரின்பநாதனுக்கும் பெடியனைப் பிடித்துவிட்டது. மருமகன் மொன்றியலில் இருந்தால் மகள் கல்கரிக்குப் போகமாட்டாள் அல்லவா! ஆவணியில் நாள் பார்க்கலாம் என்கிற இடத்துக்குப் பேச்சு வந்தபோதுதான் கீர்த்திகன் கவனித்தான், பிரஷாந்தினி வீட்டிலேயே இல்லை. டோர்வலில் வேலை முடிந்து இனித்தான் வருவாள்.

நான் இல்லாத இடத்திலை.

கடித்த வடையைத் தட்டில் வைத்தான். லண்டன் மாப்பிள்ளையின் கதி கண்முன்னே வந்தது. "நான்... கொஞ்சம் காத்து..." என்று உளறிவிட்டு, படிக்கட்டில் மூன்று மூன்று படியாகப் பாய்ந்து இறங்கினான். கடைசிப் படியில் அவளே நின்றாள், தலையில் சமையலறை வலைத்தொப்பியோடு.

"கீர்த்திகன்? இஞ்சை என்ன செய்யிறியள்?"

"மேலை போங்கோ. பல்கனியிலை நில்லுங்கோ. நீங்கள் கீழை நிண்டா அது செரனேட் இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தகப்பனின் சிரிப்புச் சத்தம் ஜன்னலால் வழிந்தது. "மேலை ஆர்?"

"அதுதான் பிழைச்சுப் போச்சு," என்றான். அழுகை வரும்போல இருந்தது. "நான் உங்களிட்டைக் கேக்க வந்தனான். அவை உங்கடை அப்பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கினம். சத்தியமா நான் கேக்கச் சொல்லேல்லை."

அவள் முகம் இறுகியது. விறுவிறென்று படியேறினாள். மேலே கதவு அறைந்தது. சிரிப்புச் சத்தம் பட்டென்று நின்றது. முடிஞ்சுது, என்று நினைத்தான் கீர்த்திகன். ஆனாலும் கால் நகரவில்லை.

பல்கனிக் கதவு திறந்தது. பிரஷாந்தினி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பின்னால் தகப்பன், தாய், வடைத்தட்டோடு சிவநேசம் அக்கா. யோகேந்திரன் அண்ணை தொண்டையைச் செருமித் தாளத்தை உயர்த்தினார்.

"நீங்கள் இல்லை அண்ணை. அவர் பாடட்டும்," என்றாள் அவள்.

கீர்த்திகன் வாயைத் திறந்தான். தெரிந்த பாட்டெல்லாம் மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. முதல் வரி என்று ஒன்று வாழ்க்கையில் இருந்தால்தானே வரும்? கடைசியில், நாலு நாளாகப் பழங்களுக்கு ஒப்புவித்தது மட்டும், பஜனை மெட்டில், வெடித்துக்கொண்டு வந்தது.

"ஐ... செரனே...ட்!"

அடடா, என்ன குரல்! எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவி ஜன்னலைத் திறந்தாள். ஒரு நாய் ஊளையிட்டது. ஆனால் யோகேந்திரன் அண்ணையின் கைக்கு ஒரு வரி கேட்டால் போதும், அது தானாகவே தட்டிவிடும். ஜிங்! சிவநேசம் அக்காவின் வாயும் அப்படித்தான். பேரின்பநாதனும் பஜனையில் ஊறின மனிதர். ஒருவர் வரி எடுத்தால் திருப்பிப் பாடாமல் விட அவர்களில் யாருக்கும் தெரியாது.

"ஐ செரனே...ட்!" என்றது பல்கனி.

"யூ செரனே...ட்!"

"யூ செரனே...ட்!"

"ஹீ செரனேட்ஸ்" என்றபோது படிக்கட்டுகளில் விளையாடிய பிள்ளைகள் சேர்ந்துகொண்டன. இறந்தகாலம் வந்தபோது கிரேக்கக் கிழவி ஒரு சட்டியைத் தட்டினாள். சைக்கிளில் போனவர் ஒருவர் இறங்கிக் கை தட்டினார். கீர்த்திகனுக்குத் தலை கிறுகிறுத்தது. அவன் சொல்வதை வீதியே திருப்பிச் சொல்கிறது! சந்தோஷத்தில் கால் தரையில் இல்லை. பிரஷாந்தினி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது கீழிருந்தே தெரிந்தது. எதிர்காலத்துக்குள் பாய்ந்தான்.

"ஐ வில் செரனே...ட்!" வீதி திருப்பியது. "யூ வில் செரனே...ட்!" வீதி திருப்பியது. "ஷீ வில் செரனே...ட்!" திருப்பியது.

அடுத்தது 'வீ'. மற்றக் காலங்களில் யோசிக்காமல் பாடிவிட்டான், எதிர்காலத்தில் வாய் எடுத்தான், முடியவில்லை. நானும் நீயும் என்று சொல்ல அவனுக்கு யார் உரிமை கொடுத்தது? அதை அவளைக் கேட்காமல் சொன்னால், மேலே சோபாவில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். தாளம் அந்தரத்தில் நின்றது. வீதி காத்திருந்தது.

பிரஷாந்தினி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். தலைவலையைக் கழற்றி வீசினாள். டோர்வல் குளிர் அறையை நடுங்க வைத்த அந்தத் தொண்டையைத் திறந்தாள்.

"வீ வில் செரனே...ட்!"

"வீ வில் செரனே...ட்!" என்று எல்லாருக்கும் மேலாகப் பாடினார் பேரின்பநாதன். பாடி முடித்த பிறகுதான் என்ன பாடினார் என்று யோசித்து, மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பல்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.

"கீர்த்திகன்! நான் திங்கட்கிழமை வேலைக்கு ஓமெண்டுதான் சொல்லப் போறன். கல்கரியிலையும் பழக்கடை இருக்கும். வாறியளே?"

தகப்பனின் முகம் விழுந்தது. ஏதோ சொல்ல வாய் எடுத்தார். ஆனால் கீர்த்திகன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரையும் காத்திராமல் முந்திக்கொண்டான்.

"ஓம்!" என்று கத்தினான்.

ஜிங், என்றது யோகேந்திரன் அண்ணையின் தாளம்.

"ஓம்!" என்றது வீதி முழுவதும், பேரின்பநாதன் உட்பட.