புது பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம்

நாவலப்பிட்டிக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் புது பஸ் வருகிறதென்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் முழுக்க மாலையும் கையுமாகத் திரண்டு நின்றது. பழைய பஸ் பாதி வழியில் நின்று நின்று மானத்தை வாங்கியிருந்தது. வந்து நின்ற பஸ்ஸின் சக்கரங்களுக்கு அடியில் பூசைக்காக எலுமிச்சம்பழம் வைக்கும் வேலை யோகேஸ்வரிக்கு. கண்டிப் பக்கம் பல்லேகல கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவள், லீவில் வந்திருந்தாள்.

நாலு பழத்தையும் வைத்துவிட்டு நிமிர்ந்தவளின் பார்வை முன்சீட்டு ஜன்னலில் குத்திட்டு நின்றது. கம்பியில் ஒரு ரிப்பன் முடிச்சு. ஃபேக்டரிக்குப் போகும் கண்டி பஸ்ஸில் ஷட்டர் ஓயாமல் கையில் விழுகிறதென்று அவளே இறுக்கிக் கட்டிய முடிச்சு. அதன் மேலேயே சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கண்டி டவுனுக்குப் புது பஸ் வந்ததும் அந்தப் பழைய பஸ்ஸைப் போன மாதம்தான் நிறுத்தியிருந்தார்கள்.

பஸ்ஸோடு வந்திருந்த டிப்போ அதிகாரியிடம் திரும்பினாள்.

"இது டவுன்ல கழிச்சுக்கட்டின பஸ்தானே ஐயா?"

அதிகாரி சிரித்தார். "தோட்டத்து ரோட்டுக்கு இது போதும். பூசைய முடிங்க."

"ரோட்டயும் போட்டுத் தர மாட்டீங்க. அதையே சாக்கா சொல்லி ஓட்ட பஸ்ஸையும் எங்க தலையில கட்டுவீங்களா?"

பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி அதிகாரி டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போனது.

"எல்லாரும் பஸ்ஸக் கொஞ்சம் தள்ளிவிடுங்க" என்றார் அதிகாரி.

ஒருவரும் அசையவில்லை. யோகேஸ்வரி குனிந்து நாலு பழத்தையும் பொறுக்கிக்கொண்டாள்.

"புது பஸ் வரட்டும், அப்ப வைக்கிறேன். அதுவரைக்கும் இது ஊறுகாய்க்கு ஆகும்."