இரண்டாவது பிரேக்

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் குரு. மீதிப் பேர் அவரிடம் சேர்ந்து, அவர் போட்ட கத்தலில், பஸ்ஸே போதும்டா சாமி என்று ஓடிவந்தவர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவர் மிதித்த மிதியில் 'பிரேக் சார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. காரோடு நின்றால் பரவாயில்லை. டிவியில் எவனாவது மாடியிலிருந்து குதித்தால்கூட அவருடைய வலது கால் தொப்பென்று தரையில் விழும். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, என்ன சார் ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போவார். இத்தனை வருஷமாக அந்தக் காலோடு குடித்தனம் நடத்துகிறவள் அவர் மனைவி, தையற்காரி.

இப்போது வீட்டில் ஒரு பஞ்சாயத்து. மகளுக்கு வெளியூரில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. தோழியிடம் வாங்கிய பழைய காரை மறுநாள் தானே தனியாக ஓட்டிக்கொண்டு போவேன் என்கிறாள் மகள். லைசென்ஸ் கையில் இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மலைச்சாலையில் காரை நிறுத்திவிட்டு, மேலே இருக்கும் இடிந்த கோட்டைக்கு மூவரும் நடந்து போய்வருவது. வீடு திரும்பும்போது ஸ்கூல் காரை மகள் ஓட்டுவாள். வழியில் பக்கத்து பிரேக்கை அவர் ஒரு தடவை மிதிக்க நேர்ந்தாலும், மறுநாள் அவள் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

அந்த மலைகளை ஒரு காலத்தில் செம்புக்காகக் குடைந்து தள்ளியிருந்தார்கள். சுரங்கத்தை மூடிய பிறகு புல் மண்டிவிட்டது. வெளியே பச்சைப்பசேல், உள்ளே வயிறு காலி. துருப்பிடித்த தண்டவாளத்தை ஒட்டிப் பாதை ஏறியது. கோட்டைச் சுவர் மேலே உடைந்த பல் மாதிரி தெரிந்தது.

நடக்கும்போதும் சார் சும்மா வரவில்லை.

"லெஃப்ட்ல வா. கல்லு இருக்கு பாரு. வேகத்த கொற."

"அப்பா, நான் நடக்குறேன். கார் ஓட்டல."

"நடக்கவே இப்படின்னா ஓட்டுறது எப்படி இருக்கும்?"

மகள் முகம் சிவக்க முன்னால் போய்விட்டாள். தையற்காரிக்கு இருவர் மேலும் எரிச்சலாக வந்தது. அப்பனும் பெண்ணும் ஒரே அச்சு. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு திருப்பத்தில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. பக்கத்தில் புல் முளைத்த சமதளம் ஒன்று, முற்றம் மாதிரி. அதன் மறுகரையில் பாதை மறுபடி தொடங்கியது.

"மேல சுத்திப் போலாம்," என்றார் சார்.

அவர் சொன்னதற்காகவே மகள் சமதளத்தில் இறங்கினாள்.

தையற்காரியின் செருப்பில் ஏதோ தகரம் தட்டுப்பட்டது. சரிந்த மண்ணில் குப்புறக் கிடந்த பலகை. குனிந்து புரட்டினாள். 'பழைய குழி. உள்ளே வராதே.'

அவள் வாய் திறப்பதற்குள் படீரென்று மரம் முறிகிற சத்தம் கேட்டது. மகளின் ஒரு கால் முழங்கால்வரை தரைக்குள் போயிருந்தது. குழியின் வாயை மரப்பலகையால் மூடி மேலே மண் போட்டிருக்கிறார்கள். பலகை உளுத்துப்போய் எத்தனை காலமோ.

சார் விளிம்புக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் அவருடைய பாழாய்ப்போன வலது கால், வழக்கம்போல, ஓங்கி மிதித்தது.

பலகைகள் எல்லாம் ஒரே ஆட்டமாக ஆடின. இன்னொன்று முறிந்தது. மகள் தொடைவரை இறங்கினாள். அவளைச் சுற்றியிருந்த மண் பொலபொலவென்று உள்ளே கொட்டியது. அதில் ஒரு கல்லும் விழுந்தது. அது அடியில் போய்ச் சேர்ந்த சத்தம் வருவதற்குள் தையற்காரிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அசையாத! இல்ல, இந்தப் பக்கம் வா! கைய குடு! நேரா வா, நேரா!" சார் கத்தினார். ஒவ்வொரு கத்தலுக்கும் மகள் திடுக்கிட்டு அசைந்தாள். ஒவ்வோர் அசைவுக்கும் மண் கொட்டியது. அதைப் பார்த்து அவர் கால் மறுபடி மேலே எழும்பியது.

தையற்காரி யோசிக்கவில்லை. பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துப் பாறைமேல் இழுத்து உட்காரவைத்தாள். அவருடைய வலது பாதத்தின்மேல் தன் முழு கனத்தோடும் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"மூச்சு விடக் கூடாது நீங்க. காலும் அசையக் கூடாது. புரியுதா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் இப்படி அதட்டியதில்லை. அவர் கண்கள் மட்டும் பிதுங்கின.

"அம்மாடி," என்றாள் மகளைப் பார்த்து. குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. "நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். நீ பாத்து செய்."

மகள் அழுகிறாளா என்று தெரியவில்லை. முதலில் தோள்பையை மெல்லக் கழற்றித் தூர வீசினாள். பிறகு முன்னால் சாய்ந்து, குப்புறப் படுத்தாள். மாட்டிய காலைச் சுழற்றிச் சுழற்றி வெளியே எடுத்தாள். ஷூ உள்ளேயே போய்விட்டது. அதன் சத்தமும் தாமதமாகத்தான் வந்தது.

இனி நேராக வந்துவிடுவாள், கைக்கெட்டும் தூரம்தானே என்று தையற்காரி நினைத்தாள். மகள் வரவில்லை. படுத்தபடியே விரலால் மண்ணைச் சுரண்டினாள். சுரண்டின இடத்தில் ஆணித் தலைகள் தெரிந்தன, வரிசையாக. பலகைகளை அடியில் ஒரு கனத்த உத்தரத்தோடு சேர்த்து அடித்த ஆணிகள். அந்த வரிசை அப்பா அம்மா பக்கம் வரவில்லை. எதிர்க்கரைக்குப் போயிற்று.

மகள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

தையற்காரியின் உள்ளங்கைக்குள் சார் முனகினார். அவருடைய கால் அவளுக்கு அடியில் துள்ளியது. அவள் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். பெற்ற பெண் தங்களை விட்டு விலகி, தூரமான கரைக்கு ஊர்ந்து போகிறாள். வா என்று கூப்பிட வாய் துடித்தது. அவள் தன் உதட்டையே கடித்துக்கொண்டாள்.

ஆணி, அடுத்த ஆணி. நடுவில் மகளுக்குப் பக்கத்தில், இந்தக் கரையைப் பார்த்த பலகைகள் இரண்டும் சத்தமே இல்லாமல் மடங்கி உள்ளே போயின. சார் அவளை நேராக வரச்சொன்ன இடம் அதுதான். அவர் முனகல் நின்றுவிட்டது. உத்தரம் தாங்கியது. மகளின் கை எதிர்க்கரைப் பாறையைப் பிடித்தது. வயிறு, முட்டி, கால். அவள் எழுந்து நின்று இங்கே பார்த்தாள்.

"நீங்க மேல சுத்தி வாங்க!" என்றாள்.

சார் அப்படியே உட்கார்ந்திருந்தார். தையற்காரியின் விரல்களெல்லாம் ஈரமாக இருந்தன. அவர் அழுவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"நான் கூப்பிட்ட பக்கம் வந்திருந்தா..." என்றார்.

"வரலல்ல. எந்திரிங்க."

தகரப் பலகையைக் கல் முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிட்டு, அதில் தன் சிவப்புச் சால்வையைக் கட்டிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினாள். கோட்டை வாசலில் மகள் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தாள். தாய் அவளைக் கட்டிக்கொண்டு தலை முதல் கால்வரை தடவிப்பார்த்தாள். கோட்டையை யாரும் சுற்றிப்பார்க்கவில்லை.

காரண்டை வந்ததும் மகள் கையை நீட்டினாள். அந்தக் கையில் இன்னும் குழி மண் ஒட்டியிருந்தது. சார் அதைப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அந்தக் காரில் அவர் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. தையற்காரி முன்னால் ஏறினாள்.

மகள் நன்றாகத்தான் ஓட்டினாள். இரண்டு வளைவு, மூன்று வளைவு. அடுத்த வளைவில் எதிரே ஒரு லாரி அகலமாக ஏறிவந்தது. மகள் நிதானமாக ஓரம் ஒதுங்கினாள். இடமும் தாராளமாக இருந்தது. ஆனாலும் கார் குலுங்கி அப்படியே நின்றுவிட்டது.

லாரி போய்விட்டது. மகள் முகம் வெளுத்து, பின்னால் திரும்பினாள். "அப்பா!"

"நான் இல்லம்மா. நான் இங்கதானே இருக்கேன்," என்றார் சார், இரண்டு கையையும் தூக்கிக்காட்டி.

இருவரும் தையற்காரியைப் பார்த்தார்கள். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். வலது கால் இரண்டாவது பிரேக்கைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்க நினைத்தாள். வரவில்லை. காலையில் மகள் குழிக்குள் இறங்கியபோது நடுங்காத உடம்பு இப்போது நடுங்கியது.

"ஒப்பந்தப்படி..." என்று மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஒப்பந்தம் எனக்குத்தான். நான் மிதிக்கல," என்றார் சார். "நீ நாளைக்கு கார்லயே போ. உன் அம்மா கால எடுக்கட்டும், அப்புறம் கிளம்பு."

அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.