தகட்டின் பின்பக்கம்

சனிக்கிழமை மாலை இன்ஜினியர் கிரேடருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளேடின் இரண்டு பக்கமும் ஸ்கேலை வைத்து அளந்தார். இடது பக்கம் புதிய தகடு, வலது பக்கம் பழைய ரகம். நான்கு முறை அளந்தும் இரண்டும் ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, "சமமாத்தானே தேஞ்சிருக்கு. புதுசுல அப்படி என்ன இருக்கு?" என்றார்.

மண் சாலையைச் சீவிச் சமப்படுத்தும் வண்டி கிரேடர். அதன் பிளேடுக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கிய இரண்டு எஃகுத் தகடுகள்தான் மண்ணைக் கடிப்பவை. எங்கள் பக்கத்துக் கல்லுக்கு அவை ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு. அதனால் தகடு மாற்றுவது அன்றைக்குத்தான். பிட்டரான எனக்கும் ஓட்டுநருக்கும் ஓய்வே கிடையாது. அந்த ஓட்டுநர் என் மனைவி. கல்யாணமாகி எட்டு மாதமாக ஞாயிறுதோறும் பிளேடுக்கு அடியில்தான் குடித்தனம் நடத்தினோம். அவளுடைய அக்காவுக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகியும் போய்ப் பார்க்க முடியவில்லை. "நீ வர்றதுக்குள்ள அதுவே நடந்து வந்து உன்னைப் பாத்துடும்" என்று அக்கா போனில் சொன்ன அன்று இவள் சிரித்தாள். பிறகு சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் இன்ஜினியரை நச்சரித்து, சூட்டில் பதப்படுத்திய கெட்டித் தகடு ஒன்றை மாதிரிக்கு வரவழைத்தேன். பழையதைவிட அதிகம் உழைத்தால் இனி அதையே வாங்குவது, இல்லாவிட்டால் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்வது என்று பேச்சு.

"சார், ஒரு வாரம் ஓடியும் பாதி மிச்சம் இருக்கே" என்று இழுத்தேன்.

"செவ்வாய்க்கிழமை மழை பெஞ்சு மண்ணு இளகிக் கெடந்துச்சு. அதுல எதுதான் தாங்காது? நாளைக்குக் கழட்டிடுங்க."

இவள் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். "சார், கல்லெல்லாம் ரோட்டு ஓரத்துலதான். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, ஓரத்தை மொதல்ல கடிக்கிறது இடது பக்கம். அது எப்பவுமே ரெண்டு மடங்கு தேயும். இந்த மனுஷன் புதுசைக் கொண்டுபோய் அங்கயே மாட்டி வச்சிருக்கார்."

எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரு பக்கம் தேய்ந்துவிட்டாலே இரண்டையும் சேர்த்துக் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் வீசுவதுதான் என் வழக்கம். எது எவ்வளவு தேய்ந்தது என்று யார் பார்த்தார்கள்? கழற்றியதும் நான் பார்ப்பது தகட்டின் பின்பக்கத்தை மட்டும்தான்.

"பழைய இரும்புக் குவியல்ல அளந்து பாக்கலாம் சார்" என்றாள் இவள்.

"அதுல எது இடது, எது வலதுன்னு எப்படிம்மா தெரியும்?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். ஒன்றரை வருடமாக, இடது தகட்டின் பின்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு வரி எழுதித்தான் நான் மாட்டுவேன். பிளேடோடு ஒட்டிக்கொள்ளும் இடம். மண்ணும் படாது, யார் கண்ணும் படாது. அடுத்த ஞாயிறு கழற்றும்போது அவள் படித்துவிட்டு, புது வலது தகட்டின் பின்னால் பதில் எழுதுவாள். அதைப் படிக்க நான் இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டும். கல்யாணமான பிறகும் இந்தத் தபாலை நாங்கள் நிறுத்தவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் இன்ஜினியர் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குவியலில் முதல் தகட்டைப் புரட்டினார். "சாப்பிட்டீங்களா?" என்று சத்தமாகப் படித்தார். அதன் பதிலைத் தேடி எடுத்தார். "அது போன வாரம்." அடுத்தது, "வீட்டில் வந்து பேசட்டுமா?" அதற்கு அவள் எழுதியிருந்தது, "இன்னும் பேசலையா?" என் கையெழுத்து இருந்த தகடுகள் எல்லாம் போல்ட் துளைவரை தேய்ந்திருந்தன. அவள் எழுதிய தகடுகள் எல்லாம் பாதிதான் தேய்ந்திருந்தன. ஒரு ஜோடியில்கூட இது மாறவில்லை. இவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"சார், அளவு..." என்றேன்.

"இருய்யா, இதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு பாத்துக்கறேன்."

ஒருவழியாகக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவ்வளவு கல்லைக் கடிச்சும் புதுசு பழசுக்குச் சமமா நின்னிருக்கு. அப்போ ரெட்டிப்பா உழைக்கும். அதையே வாங்கிடுவோம். நாளைக்கு எதையும் கழட்ட வேணாம், எங்கயாவது போயிட்டு வாங்க ரெண்டு பேரும்."

அன்று வீட்டுக்கு நான் நடந்தேனா மிதந்தேனா என்று எனக்கே தெரியாது.

மறுநாள் மதியம் அக்கா வீட்டில் குழந்தை இவள் மடியைவிட்டு இறங்க மறுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப மாட்டியிருக்கிற தகட்டுல என்ன எழுதினே?" என்று மெல்லக் கேட்டேன்.

"கழட்டும்போது படிச்சுக்கோங்க."

"அதுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கே."

"கெட்டியானது வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?"

வாழ்க்கையில் முதல் முறையாக, அந்தத் தகடு சீக்கிரம் தேய்ந்து தொலையக் கூடாதா என்று இருந்தது எனக்கு. இவள் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது இவளுடைய கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்து முகத்தருகே கொண்டுபோய், நகத்தோரம் இன்னும் போகாமல் இருந்த வெள்ளைப் பெயின்டை வைத்த கண் வாங்காமல் பார்த்தது.