சூடம் எரிந்த நேரம்

நாற்பத்தொரு வீடுகளில் ஓட்டுக் கேட்டு முடித்த சார்ஜன் புனிதன், நாற்பத்திரண்டாவது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். முப்பத்தோரு வருடம் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எத்தனையோ கதவுகளைத் தட்டியவர். மோகனா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தும் ஒரு குரல் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

ஆறு மாதமாக அந்தச் செம்பனைத் தோட்டத்தில் திருட்டு. மோட்டார் சைக்கிள் போனது, செம்பனைக் குலை போனது, போன மாதம் முனியாண்டி கோயில் மணியே போனது. ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கக் காவல் குழுவுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்க, கோயில் தலைவர் நல்லசாமி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருந்தார். எதிர்த்து நிற்பவன் லாரி ஓட்டும் மணியம். திருடன் கிடைத்தால் முதலில் கையை உடைப்பேன், அப்புறம்தான் பேச்சு என்று சாப்பாட்டுக் கடையில் மார்தட்டிக்கொண்டிருந்தான். இளசுகளுக்கு அது இனித்தது. ஆனால் சிக்குகிறவனும் இந்தத் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருப்பான் என்று புனிதனுக்குத் தெரியும். அவன்மேல் அடி விழக்கூடாது. ஸ்டேஷன் வரைக்கும் கூடவே போக வேண்டும். அவன் வெளியே வருகிறவரை அங்கிருக்கும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் நின்றார்.

"பென்ஷன் வருதுலா. லோபாக்ல மக வீட்டுக்குப் போயி சும்மா இருந்தா என்னா?" என்று மனைவி ரோகினி சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் காரணம் தெரியாமல் இல்லை.

காரணம் திவாகரன், மோகனாவின் ஒரே மகன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் திருட்டில் அவன் பெயர் அடிபட்டபோது பயந்துபோய் செம்பனைக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டான். உங்கள் ஆள்தானே, கூட்டிக்கொண்டு வா, வாக்குமூலம் மட்டும்தான் என்றார் மேலதிகாரி. புனிதன் நம்பினார். மோகனாவை முனியாண்டி கோயிலுக்கு அழைத்துப்போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். விடிந்ததும் உன் பிள்ளையை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்பது சத்தியம். அம்மா கூப்பிட்டாள், பிள்ளை வந்தான். விடிந்ததும் புனிதனைக் கோலாலம்பூருக்குக் கோர்ட் டியூட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் அவர் கொண்டுவந்து விட்டது பிணத்தை.

லாக்கப்பில் நெஞ்சுவலி என்று காகிதத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது அவன் முதுகில் வரிவரியாக இருந்த அடித்தடங்களை அவர் பார்த்துவிட்டார். மோகனா பக்கத்தில் வருவதற்குள் துணியை இழுத்து மூடினார். பிறகு விசாரணையில் அதிகாரி கேட்டபோது, "அன்னிக்கு நான் டியூட்டியில இல்ல, துவான்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது பொய்யில்லை. பென்ஷனுக்கு அப்போது மூன்று வருடம் இருந்தது.

"ஏண்ணே வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க."

மோகனா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கோப்பி கலக்கிக் கொடுத்தாள். சுவரில் திவாகரன் ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். புனிதன் கோப்பியைப் பார்த்தபடி இருந்தார்.

"ஓட்டுக் கேக்க வந்தீங்களா?"

"ஆமா தங்கச்சி."

"ஒங்களுக்குத்தாண்ணே போடுவேன். மணியம் அடிப்பான்லா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்பது வருடமாக அவள் கேட்கவில்லை. அந்த வீட்டுக் கோப்பியை அவரால் பாதிதான் குடிக்க முடிந்தது.

ஞாயிறு காலை கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு கை என்பது கணக்கு. நல்லசாமி புனிதன் பெயரைச் சொன்னதும் முதலில் எழுந்தது மோகனாவின் கை. மண்டபம் ஒரு கணம் அவளையே பார்த்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளே தூக்கிவிட்டாள், நமக்கு என்ன என்பதுபோல மற்ற கைகளும் எழுந்தன. மணியத்தின் கூட்டாளிகள்கூட இரண்டு பேர் தூக்கினார்கள். புனிதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், தன்னை மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தொழிற்சங்கக் காலத்திலிருந்தே அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். எந்தப் பதவிக்கு வந்தாலும் முனியாண்டி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மண்டபத்தை விட்டு எல்லாரும் சன்னதிக்கு நடந்தார்கள். நல்லசாமி கல்லின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். புனிதன் முன்னால் வந்து வலக்கையை நீட்டினார்.

"தலைவரே, சத்தியம் வேணாம்," என்றாள் மோகனா.

நல்லசாமி திரும்பினார். "இது நம்ம வழக்கம்லாம்மா. நீதானே மொதல்ல கையத் தூக்குன?"

"தூக்குனேன். வேலைய நல்லா பாப்பாரு, அதுக்குத்தான் தூக்குனேன்." அவள் குரலில் கோபமே இல்லை. கடையில் சாமான் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "சத்தியம் மட்டும் அவருகிட்ட வாங்காதீங்க."

மணியம்கூடத் தரையைப் பார்த்தான். புனிதனுக்கு அந்த முதுகு கண்முன் வந்தது. இழுத்து மூடிய வெள்ளைத் துணி வந்தது. இத்தனை பேர் முன்னால், இப்போது, பார்த்ததைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். உதடு பிரிந்தது.

"தங்கச்சி..."

மோகனா காத்திருந்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அதன் அடியில் சூடம் சிறுத்துச் சிறுத்து, தானாகவே எரிந்து முடிந்தது. கல்லின்மேல் கையகலத்துக்கு ஒரு கருப்பு.