பத்தரை மணித் துள்ளல்

முனைவர் பட்டத்தின் கடைசிப் படியான சபை முன் நடக்கும் வாய்மொழித் தேர்வில் லுடோமிர் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பின்வரிசையில் ஹால்ஷ்கா பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாலத்து உத்திரத்தின் அதிர்வுகளை மூன்று வருடம் சோதனைக்கூடத்தில் அளந்தவள் அவள்தான். இடைக்கால மதிப்பீட்டில் வழிகாட்டிப் பேராசிரியர் சரெம்பா அவளுக்குத் தகுதியில்லை என்று வெளியே தள்ளினார். அளவீடுகளை எல்லாம் தன் அக்கா மகன் லுடோமிருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார், பாருங்கள்.

"சபையில யாருக்காச்சும் கேள்வி இருக்கா?" என்று தேர்வுக்குழுத் தலைவர் வழக்கப்படி கேட்டார்.

ஹால்ஷ்கா எழுந்தாள்.

"நேரமாச்சு, வெளியில விருந்து ஆறுது," என்றார் சரெம்பா.

"சின்னக் கேள்விதாங்க. லுடோமிர், உன் ஆய்வேட்டுல நாற்பதாம் படத்துல, அதிர்வுக் கோட்டுல தினமும் பத்தரைக்கு ஒரு துள்ளல் வருதே, அது என்னப்பா?"

அவன் மாமனைப் பார்த்தான். "உத்திரம்... சூட்டுல விரியுது."

"சூடுதான் ராசா. என் டீ கெட்டிலோட சூடு! கருவி மாட்டின அதே பிளக்குலதான் தினமும் போடுவேன், உடனே கோடு துள்ளிரும். நீ அங்க இருந்திருந்தா உனக்கும் ஒரு கப் ஊத்தியிருப்பேனே!"

மண்டபம் சிரித்தது. தன் கையெழுத்தில் இருந்த சோதனைக்கூடக் குறிப்பேட்டை அவள் தலைவர் முன் வைத்தாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் தேர்வை நிறுத்தினார்.

வெளியே மேசை நிறைய இருந்த விருந்தை யாரும் தொடவில்லை. ஹால்ஷ்கா மட்டும் கசகசா கேக்கில் பெரிய துண்டாக எடுத்து, சரெம்பா பார்க்க, நிதானமாகத் தின்றாள்.