ஈயத்தில் விழுந்த பதக்கம்

முள்ளிவாய்க்கால் பள்ளிக்கூடத்துக்கு என்னை மாற்றியபோது, விஞ்ஞானப் பாடத்துக்கென்று ஒரு பெட்டி தந்து விட்டார்கள். உள்ளே ஓர் உடைந்த வெப்பமானியும், உலோகங்களின் உருகுநிலைகளை அச்சிட்ட ஓர் அட்டையும். அட்டை முழுவதும் எனக்கு மனப்பாடம். பின்னேரங்களில் செய்ய வேறொன்றும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்த என் மனைவி விமலேஸ்வரி, "நானும் அங்கை வரட்டோ?" என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டாள். காய்ச்சல் ஊர், தண்ணீரும் உப்பு என்று எழுதி மறித்தேன். எட்டு மாதமாக அவள் கேட்பதில்லை.

பக்கத்து வளவில் யோசெப், கடற்றொழிலாளி. மனைவி புனிதம் செத்து ஒரு வருடம். பிள்ளைகள் இல்லை. சேலைகளையும் அவளின் தமக்கை கொண்டுபோய்விட்டார். மிஞ்சியது புனிதத்தின் கழுத்தில் கிடந்த வெள்ளிப் பதக்கம் ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை யோசெப், வலையின் அடியில் பாரத்துக்குக் கட்டும் குண்டு வார்க்க, தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் ஈயம் உருக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வார்க்கும் முன் சட்டிக்கு மேலே பதக்கத்தைப் பிடித்துச் சிலுவை அடையாளம் போடுவது அந்த வீட்டு வழக்கம். அதைப் புனிதம்தான் செய்வாள். எவ்வளவு உயரத்தில் பிடிப்பதென்று அவளுக்குத் தெரியும். யோசெப் தாழப் பிடித்துவிட்டார். நூல் கருகிப் பதக்கம் ஈயத்தில் விழுந்து மிதந்தது.

அவர் அகப்பையோடு பாய்ந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது.

"பதறாதேங்கோ அண்ணை. ஈயம் முந்நூற்றி இருபத்தேழு பாகையிலை உருகும். வெள்ளிக்குத் தொள்ளாயிரத்து அறுபது வேணும். இந்தச் சிரட்டை நெருப்புக்கு அது அசையாது. ஊத்தி முடியுங்கோ, பதக்கம் சட்டியிலை கிடக்கும்."

"ஏன் மாஸ்ரர் அப்பிடி?"

"ஈயத்திலை அணுக்கள் ஒண்டையொண்டு லேசாத்தான் பிடிச்சிருக்கு. கொஞ்சச் சூட்டுக்கே விட்டிடும். வெள்ளியிலை இறுக்கிப் பிடிச்சிருக்கு."

அந்த ஊரில் ஒருவர் என்னிடம் ஆசையாகக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணித்தியாலம் விளக்கினேன். அவர் சிரட்டையைப் போட்டுக்கொண்டே கேட்டார். கசடு படிந்து பதக்கத்தை மூடியது. பிறகு ஊற்றினார். நூறு குண்டு வந்தது. சட்டியைக் கவிழ்த்தார், கசட்டைக் கிளறினார், பதக்கம் இல்லை.

"கிடக்கும் எண்டனீங்கள்," என்றார்.

மறுநாள் காலை தேத்தண்ணீரில் சீனியைக் கலக்கும்போதுதான் பிழை விளங்கியது. சீனி உருக நூற்றெண்பது பாகை வேண்டும். தேத்தண்ணீர் நூறைத் தாண்டாது. ஆனாலும் சீனியைக் காணவில்லை. கரைய உருகுநிலை தேவையில்லை. உருகிய ஈயத்தில் வெள்ளியும் அப்படித்தான் கரைந்திருக்கும். எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் ஈயம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்திருக்கும். என் அட்டையில் ஒவ்வோர் உலோகத்துக்கும் தனித்தனியே எண் இருந்தது. இரண்டு சேர்ந்தால் என்ன ஆகும் என்று இல்லை. அதை யோசிக்காத மடையன் நான்.

போய்ச் சொன்னேன். யோசெப் வலையில் குண்டு கட்டிக்கொண்டிருந்தார். திட்டு விழும் என்று நின்றேன்.

"அப்ப எல்லாக் குண்டிலையும் இருக்கோ?"

"ஓம் அண்ணை. எல்லாத்திலையும் கொஞ்சம் கொஞ்சம். இனிப் பிரிக்கேலாது. நான்தான் கெடுத்துப்போட்டன்."

ஒரு குண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"கடலுக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவள், மாஸ்ரர். பொம்பிளை வள்ளத்திலை ஏறக்கூடாது எண்டு மறிச்சிட்டன். கடைசியிலை கேக்கிறதையும் விட்டிட்டாள்."

குண்டை வலையில் இறுக்கிக் கட்டினார்.

"நாளைக்கு வாறாள்," என்றார்.

நான் வீட்டுக்கு வந்து விமலேஸ்வரிக்கு, 'உடனே வாரும்' என்று எழுதினேன். காய்ச்சலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. யோசெப்பின் வள்ளம் தினமும் விடிய முன்னம் போய் வருகிறது. கடிதம் போட்டு மூன்று கிழமை. பதில் வரவில்லை.