பெரியவனுக்கு ஒரு சான்றிதழ்

"பேரே தெரியாம எப்படிங்கய்யா தேடறது?"

தூசியக்கா பேனாவை மூடி வைத்தாள். மற்றவர்களின் குடும்பப் பதிவுகளைத் தேடிக் கொடுப்பது அவள் தொழில். பிறப்பு, இறப்பு, திருமணம், நிலப்பத்திரம் என்று மாநிலத்தில் எந்த அலுவலகத்தில் எந்த வருடத்துக் கட்டு எந்த அலமாரியில் கிடக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. எப்போது பார்த்தாலும் பழைய கட்டுகளுக்குள் தலையை விட்டுத் தும்மிக்கொண்டிருப்பாள் என்பதால் குமாஸ்தாக்கள் வைத்த பெயர் அது. இப்போது வாடிக்கையாளர்களுக்கும் அதே பெயர்தான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறி இறங்கியே முழங்கால் இரண்டும் போயிருந்தன. பக்கத்தில் அவருடைய மகள், வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த சலிப்பு முகத்தில் தெரிய உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா அவனைப் பெரியவன்னுதான் சொல்லும். நான் சின்னவன். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஜுரத்துல போயிட்டான். ஒன்றரை வயசாம். அதுக்கு மேல கேட்டா அம்மா எழுந்து போயிடும்."

"அப்பாவைக் கேக்கலையா?"

"அவர் இருந்தவரைக்கும் மணி என்னன்னு கேக்கவே எனக்குப் பயம்மா."

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே குழந்தைகளைப் புதைக்கும் பழைய மயானம் இருந்தது. அதன் குறுக்கே மேம்பாலம் வருகிறது. புதைத்தவற்றைத் தோண்டி எடுத்துப் புது மயானத்தில் ஒரே பெரிய குழியில் போட்டு மூடப் போகிறார்கள். சொந்தக்காரர் யாராவது இறப்புச் சான்றிதழோடு வந்து கேட்டால் மட்டும் தனியாகக் கொடுப்பார்கள். லைன்மேனின் அம்மா புது மயானத்தில்தான் இருக்கிறாள். "பெரியவனைத் தனியா விட்டுடாதேடா, என் பக்கத்துல கொண்டாந்து வெச்சிடு" என்று சாகும் முன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். அம்மா இவரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"குழி எதுன்னு தெரியுமா?"

"மூலையில, சுவரோரம். வருஷா வருஷம் அம்மா கூட்டிட்டுப் போகும். கல்லு கில்லு எதுவும் கிடையாது. ஒரு நம்பர் அடிச்ச தகடு."

"அப்போ கவலைய விடுங்க. உங்க அப்பா அம்மா பேர வெச்சே தேடிடலாம். அம்பது வருஷத்துக்கு மேலான இறப்புப் பதிவு யார் கேட்டாலும் காட்டுவாங்க. பிறப்புன்னா சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். இதுல ஒண்ணு போடுங்க."

லைன்மேன் கையெழுத்துப் போட்டார்.

பிறப்பு இறப்புப் பதிவு அறை நகராட்சிக் கட்டிடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்தது. வெளியே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்த அறைச் சுவர் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து குமாஸ்தாவுக்கே பூஞ்சை பிடித்தாற்போல ஒரு களை. மயானத்தை இடம் மாற்றும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

"வாங்க தூசியக்கா. இன்னிக்கு யாரோட தாத்தா?"

"தாத்தா இல்ல, கைக்குழந்தை."

"அய்யோ" என்றார் குமாஸ்தா. அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை.

இறப்புப் பதிவில் அந்தக் குழந்தை இல்லை. லைன்மேன் பிறந்த வருடத்துக்கு முந்தைய வருடங்களையும் பார்த்தாள், பிந்தைய வருடங்களையும் பார்த்தாள். மாநில ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறிப் போய், அங்கே அனுப்பப்பட்டிருந்த நகல்களையும் புரட்டினாள். இல்லை. பிறப்புப் பதிவில் அந்தத் தாய் தகப்பனுக்கு ஒரே ஒரு ஆண் குழந்தை. அது லைன்மேன். அவர் கொடுத்திருந்த சான்றிதழில் உள்ள அதே பெயர், அதே தேதி.

சரி, பெரியவனை எதிலுமே பதியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நிறைய வீடுகள் உண்டு. கடைசியாக ஒரு கதவு மிச்சம் இருந்தது. பழைய மயானத்தின் காவலாளிகள் எழுதி வைத்த புதைப்புப் புத்தகம். சான்றிதழுக்கு அது செல்லாது. ஆனாலும் துப்பு கிடைக்கும்.

சுவரோர மூலையின் நம்பருக்கு நேரே காவலாளி கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். ஆண் குழந்தை, வயது ஒன்றரை, தகப்பன் பெயர். அதற்கு முன்னால் குழந்தையின் பெயர்.

லைன்மேனின் பெயர்.

தூசியக்கா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். புதைத்த தேதியிலிருந்து ஒன்றரை வருடம் பின்னால் போனால் லைன்மேனின் பிறந்த தேதியில் வந்து நின்றது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் அப்பாவையும் மகளையும் பதிவு அறைக்கே வரச்சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, உங்க கையில இருக்கிற பிறப்புச் சான்றிதழ் உங்களோடது இல்ல. உங்க அண்ணனோடது. அவரு போனதை உங்க அப்பா இந்த ஆபீஸ்ல சொல்லவே இல்ல. நீங்க வீட்டுல பொறந்திருக்கணும். உங்களை எங்கயும் பதியல. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது சான்றிதழ் கேட்டிருப்பாங்க. லேட்டா பதியணும்னா கோர்ட்டுக்கு அலையணும். வீட்டுல ஒரு சான்றிதழ் சும்மா கிடந்துது. அதைக் குடுத்துட்டாங்க. அதோட அந்தப் பேரையும்."

லைன்மேன் சிரித்தார். சிரிக்கவேண்டிய இடம் இல்லைதான்.

"அதான் வாத்தியார் கேட்டாரு. ஏழு வயசுப் பையன் இப்படிப் பொடியனா இருக்கானே, வீட்டுல சோறு போடறாங்களா இல்லையான்னு. அஞ்சு வயசுல ஏழு வயசுக்காரனா உக்காந்திருக்கேன். அப்போ ரிடையர் பண்ணினதும் ரெண்டு வருஷம் முன்னாடியேவா? கம்பத்துல இன்னும் ரெண்டு வருஷம் தொங்கியிருப்பேனே!"

பிறகு சிரிப்பு நின்றது.

"எங்கம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லம்மா. சின்னவனே, சின்னவனேன்னுதான். பாசத்துலன்னு நெனச்சிட்டிருந்தேன்."

மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது.

"சரி, இப்போ பதியலாம் இல்ல? காவலாளி எழுதினது இருக்கு. நான் சாட்சி சொல்றேன். அவன் செத்துட்டான்னு எழுதிக் குடுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார் லைன்மேன் குமாஸ்தாவிடம்.

குமாஸ்தா கன்னத்தைச் சொறிந்தார். "எழுதலாம் சார். எழுதினா செத்தது நீங்க. அந்தப் பேரு, அந்தத் தேதி, அந்த அப்பா அம்மா. அந்த ஆள் இங்க ஒருத்தர்தான்."

"கொன்னுடுங்க. எனக்கும் வயசாச்சு."

"ஒருதடவை கொன்னா திரும்ப உயிர் குடுக்கறது என் கையில இல்ல சார். கோர்ட்டுக்குப் போய் நீங்கன்னு ஒருத்தர் பொறந்தீங்கன்னு நிரூபிக்கணும். பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

"பிரசவம் பார்த்தவ போயிட்டா. அத்தை போயிட்டா. எல்லாம் போயாச்சு."

"அப்போ உங்க பென்ஷன், மருந்து அட்டை, வீட்டுப் பத்திரம் எல்லாமே ஒரு செத்த ஆள் பேர்ல நிக்கும்."

"நிக்கட்டும்யா! வீடு எங்க ஓடிடப்போகுது? அம்மாகிட்ட சரின்னு சொல்லியிருக்கேன்."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் வாய் திறந்தாள்.

"அப்பா, என் சான்றிதழ்ல தகப்பன்னு உங்க பேரு இருக்கு."

"இருக்கட்டும், அதுக்கென்ன?"

"அந்த ஆளு ஒன்றரை வயசுல செத்துட்டாருன்னு இவங்க எழுதிட்டா, நான் யாருக்குப் பொறந்தேன்? நாளைக்கு என் பசங்களுக்குத் தாத்தா யாரு? அம்மாவை யார் கட்டினதுன்னு எழுதுவீங்க? பிரசவத்துல போன அம்மாவுக்கு மிச்சம் இருக்கிறதே அந்த ஒரு கல்யாணப் பதிவுதான்பா."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தானோ என்னவோ, லைன்மேன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, வேற வழியே இல்லையா?" என்று மகள் தூசியக்காவைக் கேட்டாள்.

தூசியக்காவுக்கு எல்லாக் கதவும் தெரியும். இதற்குக் கதவு இல்லை என்பதும் தெரியும். "என் புத்திக்கு எட்டின வரைக்கும் இல்லம்மா" என்றாள்.

லைன்மேன் சான்றிதழை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "நீ வேலைக்குக் கிளம்பு கண்ணு, நேரமாச்சு."

குழி மூடும் அன்று காலையில் இருந்தே தூறல். புது மயானத்தில் வண்டி வந்து நின்றது. தூசியக்காவுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போயிருந்தாள். லைன்மேன் குடை இல்லாமல் நின்றிருந்தார். மகள் பிடித்த குடைக்கும் அவர் தோளுக்கும் சம்பந்தமே இல்லை. கொஞ்சம் தள்ளி அவருடைய அம்மாவின் கல் நனைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பெரியவனுக்கென்று அவர் முன்கூட்டியே கேட்டு வாங்கிய இடம், புல் முளைத்துக் காலியாகக் கிடந்தது.

வெள்ளைத் துணியில் கட்டிய பொட்டலங்கள். கைக்குட்டையில் கட்டிய கட்டுச்சோறு அளவுதான் ஒவ்வொன்றும். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று குமாஸ்தா புதைப்புப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். குழிக்குள் நின்றவன் பொட்டலத்தை வாங்கி வைப்பான், குமாஸ்தா ஒரு கோடு போடுவார். படிக்கும் பெயர்களுக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் லீவு போட்ட நாள் மாதிரி இருந்தது.

சுவரோர மூலையின் முறை வந்தது. குமாஸ்தா ஒரு நொடி தயங்கினார். எழுதியிருப்பதைப் படித்துத்தானே ஆகவேண்டும். படித்தார்.

"உள்ளேன் ஐயா."

லைன்மேனின் வலது கை பாதி உயர்ந்திருந்தது. தான் சொன்னது அவருக்கே அப்புறம்தான் காதில் விழுந்தது போலிருந்தது. மகள் குடையைக் கீழே விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

விவரம் தெரியாத குழிக்காரன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "சொந்தக்காரரா? பேப்பர் இருந்தா குடுங்க, தனியா வெச்சிடறேன்."

லைன்மேன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இல்லப்பா. சும்மா பார்க்க வந்தேன்."

குழிக்காரன் குனிந்து பொட்டலத்தை மற்றவற்றோடு வைத்தான். குமாஸ்தா நனைந்த தாளில் கோடு போட்டுவிட்டு, அடுத்த பெயரைப் படித்தார்.